ஆத்தங்குடி டைல் பட்டறையில் ஒரு ஓய்வு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

செட்டிநாட்டில், ஆத்தங்குடி வட்டாரத்தில் ஒரு டைல் பட்டறையில் 2023 ஆடி தொடங்கி ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளில் நடந்தது இது. பட்டறையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது; அவர்கள் கேட்டுக்கொண்டதும் அதுதான். நான் அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் பிட்டர் பிரிவில் 27 வருடம் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன். பட்டறை முதலாளி என் பழைய மாணவர் ஒருவரின் அண்ணன். "சார், உங்களுக்குத்தான் பயல்களைப் பிடிக்கத் தெரியும். நாலு பேரைப் பிடிச்சுக் குடுங்க" என்று ஒரு நாள் போன் செய்தார். நான் உள்ளே நுழைந்தது அப்படித்தான்.

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது இந்த டைலை, நெருப்பில் சுடுவதில்லை, இயந்திரத்தில் அழுத்துவதும் இல்லை. கீழே ஒரு கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்துக்கான தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்ட்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதற்கு மேல் கலவையைப் போட்டு மட்டம் பண்ணுவார்கள். ஆறவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடத்தி, எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி கழன்று வந்துவிடும். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் நாம் மிதிக்கிற பக்கம். அதன் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. ஆக, ஊற்றுகிறவர் கல்லைக் குப்புறப் போட்டுத்தான் செய்கிறார். மேலே தெரியப்போவதை முதலில் ஊற்றிவிட்டு, அதன் முகத்தைப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் காத்திருக்கிறார். பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இந்தக் காத்திருப்பால் வந்தவை.

பட்டறையில் அப்போது 11 பேர். ஊற்றுகிறவர்கள் மூன்று பேர்: பெரியவருக்கு 66 வயது, அடுத்தவருக்கு 57, மூன்றாமவருக்கு 48. மணல் சலிக்கவும் கலவை போடவும் இரண்டு ஆண்கள். கண்ணாடி துடைப்பது, தொட்டியில் இறக்குவது, எடுத்து அடுக்குவது எல்லாம் ஐந்து பெண்கள். ஒரு டிரைவர். பெரியவர் அதே கொட்டகையில் 41 வருடம் ஊற்றியவர். இப்போதைய முதலாளியின் அப்பா காலத்து ஆள்.

வேலைக்குக் குறைவில்லை. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். பழைய வீடுகள் சில ஹோட்டலாகிவிட்டன. சென்னையிலும் பெங்களூரிலும் புது வீடு கட்டுகிறவர்கள் "ஆத்தங்குடிக் கல்தான் வேணும்" என்று கேட்டு வாங்குகிறார்கள். ஊற்றத்தான் ஆள் இல்லை. கடைசியாக ஒரு புது ஆள் ஊற்றக் கற்றுக்கொண்டது எப்போது என்று கேட்டேன். முதலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்த 48 வயசுக்காரர்தான் சார், அப்ப அவருக்குக் கல்யாணம்கூட ஆகலை" என்றார்.

திரும்பி வந்த சரக்கு

2023 ஆடியில் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, 320 கல் போனது. சுற்றுத் தாழ்வாரத்தில் உடைந்துபோன இடங்களில் பதிக்க, பழைய கல்லோடு ஜோடி சேர்த்துச் செய்தவை. ஓரத்தில் பச்சைக் கொடி, நடுவில் செங்காவிப் பூ. நாலாம் நாள் அத்தனையும் அதே வண்டியில் திரும்பி வந்தன. பழைய கல்லின் பச்சை சற்று நீலம் ஓடிய பச்சை. புதுக் கல்லில் அது இலைப்பச்சையாக இருந்தது. தனித்தனியே பார்த்தால் தெரியாது. வளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலிருந்து வெளிச்சம் விழும்போது யாருக்கும் தெரியும்.

பெரியவர் நிறத்துக்குச் சேர்க்கும் ஆக்சைடு பாக்கெட்டைக் குறை சொன்னார். முதலாளி கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டு வந்தார். ஊற்றுகிறவர்களில் அடுத்தவர், அந்த 57 வயதுக்காரர், ஒன்றும் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளை சிமென்ட் பையையும் சாதா சிமென்ட் பையையும் அவர் கைவைத்துத் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறார் என்பதை இரண்டு வருடமாக அடுத்தவர் கவனித்து வந்திருக்கிறார். "அவருக்குச் சோறு போடுற வேலை சார், நான் எப்படிச் சொல்ல?" என்றார்.

பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு இளைஞர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளியின் முதல் யோசனை. நான் ஒரே ஒரு காரணம் சொல்லி அதைத் தள்ளிப்போட்டேன்: அவர் போய்விட்டால் அந்த இரண்டு பேருக்கும் யார் சொல்லிக்கொடுப்பது? அடுத்தவர் நன்றாக ஊற்றுவார், ஆனால் பழைய கல்லுக்கு நிறம் சேர்ப்பது பெரியவர் ஒருவர்தான்.

பட்டறையில் பார்த்தது

இரண்டு வாரம் காலை எட்டு மணிக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் பாடம் எழுதிய பழக்கம். ஒரு வேலையை எத்தனை படியாகப் பிரிக்கலாம் என்றுதான் கண் போகும். இந்த வேலையை ஒன்பது படியாக எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று புரிந்தது. ஏழு படிகளை ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மீதி இரண்டுதான் தொழில்.

ஒன்று, கூழின் பதம். பெரியவரிடம் அளவு கேட்டால் ஒரு பழைய பால் டப்பாவையும் சிரட்டையையும் காட்டுவார். ஆனால் அளந்து போட்டபின் அவர் செய்வதுதான் முக்கியம். கரண்டியில் அள்ளி ஒரு சாண் உயரம் தூக்கி, சாய்த்து, இறங்குவதைப் பார்ப்பார். "நூல் அறுபடாம இறங்கணும். ஆனா விழுந்த எடத்துல மேடு நிக்கக் கூடாது." மேடு நின்றால் இரண்டு சொட்டுத் தண்ணீர், நூல் நீர்த்து ஓடினால் ஒரு சிட்டிகை சிமென்ட். அச்சில் எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருந்தால்தான், அச்சைத் தூக்கியதும் பச்சையும் சிவப்பும் கரை ஒட்டி நிற்கும். ஒன்று நீர்த்திருந்தால் மற்றதற்குள் கசிந்துவிடும். அச்சைத் தூக்கும்போது மணிக்கட்டு ஒரு நூல் திரும்பினாலும் பூ இதழ் வால் முளைத்துப் போகும். பொடி தூவுவதும் இதே கணக்குதான். அதிகமானால் மேல்தோல் பின்னால் உரியும், குறைந்தால் நிறம் திட்டுத் திட்டாகும். பொடியின் முகம் ஈரம் ஏறிக் கறுக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் அவர் கை கலவைச் சட்டிக்குப் போகும்.

இரண்டு, நிறம். ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்தபின் வேறாகவும் தெரியும். ஈரத்தைப் பார்த்தே காய்ந்ததை அவர் மனதுக்குள் பார்த்துவிடுவார். பழைய கல்லுக்கு ஜோடி சேர்க்கும்போது இன்னொரு கணக்கும் உண்டு. பல வருடம் பாதம் பட்டும் தேங்காய் எண்ணெய்த் துணி பட்டும் அந்த நிறம் ஆழமாகியிருக்கும். 41 வருடத்தில் அவர் கையில் சேர்ந்த இந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், அதன் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெரியவருக்குக் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கடினமான பூக்கல் 60 ஊற்றுவார், கல்லுக்கு 14 ரூபாய், ஒரு நாளைக்கு 840. ஊற்றாத நாளில் ஒன்றுமில்லை. பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் 18இலிருந்து 60 வயதுக்குள் பதிய வேண்டும். அவர் பதியவே இல்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கொஞ்சம் சாயும்போது அவர் மட்டும் திரும்ப வந்து உட்காருவார். வேலைமேல் ஆசை என்று குறித்துக்கொண்டேன். அறுபது கல் கணக்கு நிறைய வேண்டும் என்பதுதான் காரணம்.

முதல் முயற்சியும் அது கெட்ட விதமும்

2023 புரட்டாசியில் நாலு பேரைச் சேர்த்தோம். இரண்டு பேர் பிளஸ் டூ முடித்தவர்கள், ஒருவர் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவர், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்து திரும்பியவர். வயது 19இலிருந்து 23.

திட்டம் என்னுடையது. ஐ.டி.ஐ. மாதிரியே போட்டேன்: முதல் மாதம் கண்ணாடி துடைப்பதும் சட்டம் பூட்டுவதும், இரண்டாம் மாதம் கலவை, மூன்றாம் மாதம் ஒரே நிறக் கல், நாலாம் மாதம்தான் பூ. உதவித்தொகை நாளைக்கு 400 ரூபாய். தொழிற்பழகுநர் சட்டம் 1961இன்கீழ் பதியலாமா என்று விசாரித்தேன். 30 பேருக்குக் குறைந்த இடத்துக்கு அது கட்டாயமில்லை, விருப்பம்தான். முதலாளி காகிதத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார். சரி, பட்டறை முத்திரை போட்டு நாமே ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று முடித்தோம். பிட்டருக்கு மத்திய அரசுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்த கை, இதில் கையெழுத்துப் போடக் கூசியது.

கார்த்திகை முடிவதற்குள் நாலு பேரும் போய்விட்டார்கள். முதல் ஆள் ஒன்பதாவது நாளே வரவில்லை. அடுத்த ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் போனவர்தான். மூன்றாவது பையன் காரைக்குடியில் சாப்பாடு டெலிவரிக்குப் போனார். நாலாவது பையன்தான் கை உள்ளவர், பாலிடெக்னிக்கை விட்டவர். அவர் சிங்கப்பூர் கட்டட வேலைக்கு ஏஜென்ட் மூலம் பணம் கட்டிவிட்டார்.

அதே மூன்று மாதத்தில் பெரியவரின் கணக்கு 60இலிருந்து 35ஆக இறங்கியது. பையன்களுக்குக் காட்டுவதற்காக எழுந்து எழுந்து போனதால். நாளைக்கு 350 ரூபாய் நட்டம். யாரும் அதை ஈடுகட்டவில்லை. சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆசிரியர் தன் பையிலிருந்து காசு கொடுத்துக்கொண்டிருந்தார். பையன்கள் போன அன்று அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. அதற்காக அவர்மேல் கோபப்பட்ட முதல் ஆள் நான். கணக்கைப் போட்டுப் பார்த்தபின் வெட்கமாகிவிட்டது.

போனவர்களிடம் கேட்டது

ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பேசினேன். 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்காது' என்ற பேச்சை டீக்கடையில் கேட்டுக் கேட்டு நானும் பாதி நம்பியிருந்தேன். நாலு பேரில் ஒருவர்கூட வேலை கஷ்டம் என்று சொல்லவில்லை. சிங்கப்பூர் போகிறவர் அங்கே போய்ச் செய்யப்போவது இதைவிடக் கடினமான வேலை.

400 ரூபாய் குறைவு என்றார்கள். உண்மைதான். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கே 294 ரூபாய். சித்தாளாகப் போனால் 700 கிடைக்கும். துடைத்ததும் அடுக்கியதும் தவிரக் கரண்டியைத் தொடவே விடவில்லை என்றார்கள். அதுவும் உண்மை. டெலிவரிக்குப் போன பையன் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இதைச் சொன்னார்:

"சார், தாத்தா 41 வருசம் ஊத்தியிருக்காரு. ஊர்ல அவரைவிடப் பெரிய கை இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அவருக்குக் கண்ணு ஆபரேசனுக்கு லீவு போட முடியலை. அவருக்கே இவ்வளவுதான்னா, எனக்கு என்ன சார் இருக்கு?"

நாங்கள் சம்பளம், சான்றிதழ், பாடத்திட்டம் என்று மூன்றை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது பெரியவரை. ஒரு தொழிலுக்குள் நுழைகிறவன் அதன் வாசலைவிட அதிலிருந்து வெளியேறுகிறவனைத்தான் முதலில் பார்க்கிறான். செட்டிநாட்டில் இது புதிதும் அல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஒரு காலத்தில் ஆள் போனதே, போய்த் திரும்பியவர் கட்டிய வீட்டைப் பார்த்துத்தான். நம் பட்டறையில் 41 வருடம் இருந்தவர் கட்டிய வீட்டை அந்தப் பையன் பார்த்திருக்கிறார்.

பெரியவரின் மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். பேரனுக்காவது சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பெரியவர், "எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இரண்டாவது முடிவு

2024 தை முடிந்து, சிராவயல் மஞ்சுவிரட்டுக் கூட்டமெல்லாம் கலைந்தபின் முதலாளியும் நானும் மூன்று மாலை உட்கார்ந்து பேசினோம். வரிசையைத் திருப்பிப் போட்டோம். முதலில் பெரியவர் எப்படி ஓய்வுபெறப்போகிறார் என்று முடிவு செய்வது. அதன் பிறகு ஆள் தேடுவது.

மதுரையிலிருந்து வந்த கண் முகாமில் ஒரு கண்ணுக்கும் இரண்டு மாதம் கழித்து மறுகண்ணுக்கும் அறுவை சிகிச்சை ஆனது. அந்த நாள்களுக்கு அரைக் கூலி பட்டறை கொடுத்தது. கட்டுப் பிரித்து வந்த வாரம் பெரியவர் செய்த முதல் வேலை, அடுக்கில் இருந்த தன் கல்லையெல்லாம் வெயிலில் எடுத்து வைத்துப் பார்த்ததுதான். "இவ்வளவு நாளா நான் வெள்ளைன்னு பார்த்தது பழுப்பு" என்றார். கானாடுகாத்தானில் இருந்து வந்த கல்லையும் எடுத்து, பச்சையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஆக்சைடு கடைக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

அவருக்குக் கல் கணக்கை நிறுத்தினோம். வாரம் மூன்று நாள், நாளைக்கு 1,000 ரூபாய், ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும். வேலை சொல்லிக்கொடுப்பதும் நிறம் சேர்ப்பதும். ஒரு வருடம் கழித்து வாரம் இரண்டு நாளாகக் குறையும். அப்போதிருந்து மாதம் 5,000 ரூபாய் தனியாக, உயிரோடு இருக்கும்வரை. இதை முத்திரைத்தாளில் எழுதினோம். கோர்ட்டில் எவ்வளவு நிற்கும் என்று வக்கீல் ஒருவரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் எழுதியதை ஆட்கள் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், படித்தோம்.

பணம் எங்கிருந்து என்பதுதான் முதலாளியின் ஒரே கேள்வி. நியாயமான கேள்வி. ஜோடி சேர்க்கும் கல்லுக்குச் சாதாரணப் பூக்கல் விலையைத்தான் இதுவரை வாங்கிவந்தார். பழைய வீட்டுக்காரருக்கு அந்த நிறம் வேறு எங்கும் கிடைக்காது. கல்லுக்கு 15 ரூபாய் கூட்டினோம். மாதம் 400, 500 கல் அந்த வகையில் போகும். ஒருவர்கூட ஆர்டரைத் திருப்பவில்லை. இத்தனை வருடம் பெரியவரின் கண்ணை இலவசமாக விற்றுக்கொண்டிருந்தோம் என்று முதலாளியே சொன்னார்.

கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளிலிருந்து 600 ரூபாய். ஆறு மாதம் கழித்துக் கல் கணக்கு, ஆனால் 600க்குக் கீழே போகாது. முதல் நாளே கையில் கரண்டி. கெடும் கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தோட்டத்துப் பாதைக்கு வாங்க ஆள் இருக்கிறது.

காத்திருப்புச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஊற்றியது சரியா என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால், எந்தக் கை அசைவால் அது கெட்டது என்று யாருக்கு நினைவிருக்கும்? பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்து, அதில் கனமான கண்ணாடியைப் பதித்தோம். கீழே ஆள் உட்கார இடம். மேலே ஊற்ற ஊற்ற, கீழே இருந்து கல்லின் முகம் தெரியும். கீழே ஒரு போனை நிமிர்த்தி வைத்தால் ஊற்றுகிறவரே பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு அடுத்தவரை ஊற்றச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். பச்சை வந்து கண்ணாடியில் பரவி, ஓரத்தில் ஒரு கணம் தயங்கி, நின்றது. "அட" என்றார். 41 வருடத்தில் அவர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு

2024 பங்குனியில் மூன்று பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் வெளியிலிருந்து, 20 வயதும் 24 வயதும். மூன்றாவது ஆள் நாங்கள் தேடிப்போகாதவர்: தொட்டி வேலையில் ஒன்பது வருடமாக இருந்த 34 வயதுப் பெண். முத்திரைத்தாளைப் படித்த அன்று சாயங்காலம் முதலாளியிடம் வந்து, "அண்ணே, எனக்கு ஊத்தத் தெரியும். மத்தியானம் நீங்க சாப்பிடப் போறப்ப ஊத்திப் பார்ப்பேன்" என்றார். என் இரண்டு வார நோட்டில் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'தொட்டி, 5 பெண்கள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தேன். கெட்ட கல்லைக் கண்ணாடியிலிருந்து கழற்றுவதே அவர் வேலை. எந்தத் தப்பு எப்படித் தெரியும் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

முதல் மாதம் மூன்று பேர் ஊற்றியதிலும் பத்துக்கு ஆறு கெட்டது. மூன்றாம் மாதத்தில் பத்துக்கு இரண்டு. ஜன்னல் மேசை அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. இப்போது அதன்மேல் டீ கிளாஸ் வைக்கிறார்கள். ஆறாம் மாதம் அந்தப் பெண் பூக்கல் 40 வரை போனார். தொட்டியில் அவர் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் திண்டாடினோம். அதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

எல்லாம் நேராகப் போகவில்லை. 24 வயதுக்காரர் எட்டு மாதம் நன்றாக ஊற்றிவிட்டு, பக்கத்துப் பட்டறையில் கல்லுக்கு இரண்டு ரூபாய் அதிகம் என்று போய்விட்டார். முதலாளிக்கு ஆத்திரம். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. தொழிலை விட்டுப் போகவில்லையே. பத்திரம் எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று முதலாளி இன்னும் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நாமும் கல்லுக்கு ஒன்றரை ரூபாய் கூட்டினோம்.

20 வயதுக்காரர் இருக்கிறார். இடையில் ஒரு சண்டையும் வந்தது. பெரியவர் அவரை எல்லோர் முன்னாலும் திட்ட, இரண்டு நாள் வரவில்லை. அந்தக் காலத்தில் கரண்டிக் காம்பால் அடி வாங்கித்தான் கற்றோம் என்பது பெரியவரின் வாதம். பட்டறைப் பெண்கள்தான் சமாதானம் செய்துவைத்தார்கள். பையன் இப்போது அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறார். அவர் இன்னும் திட்டுகிறார்.

அரசுத் திட்டங்களையும் பார்த்தோம். கைவினைஞர்களுக்குக் கடனும் பயிற்சியும் தரும் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது. அதைத் தமிழ்நாடு அப்படியே ஏற்கவில்லை; குலத்தொழிலுக்குள்ளேயே இளைஞர்களை நிறுத்திவிடும் என்பது ஆட்சேபம். 2025இல் மாநிலம் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த ஆட்சேபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. படிக்க வேண்டிய வயதில் அப்பா தொழிலில் தள்ளிவிடக் கூடாது. ஆனால் எங்கள் 20 வயதுப் பையனின் அப்பா பஸ் கண்டக்டர். இந்தத் தொழில் அவர் குலத்துக்கும் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லாதது, அவரே தேர்ந்தெடுத்தது. அந்தப் பெண்ணுக்கு 2025இல் 35 ஆனபோது கேட்டுப் பார்த்தோம். கடன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நல வாரியப் பதிவை மட்டும் எல்லோருக்கும் செய்து முடித்தோம், பெரியவரைத் தவிர. ஆதார், வங்கிக் கணக்கு, போன் எண் மூன்றும் ஒன்றாக இல்லாமல் ஒவ்வொருவருக்கும் மூன்று நாலு நடை. அதில் ஒரு மாதம் போனது.

2025 ஆவணியில் கானாடுகாத்தான் வீட்டுக்காரர் மறுபடி கேட்டார். இம்முறை 320 கல்லையும் ஊற்றியது அந்தப் பெண்ணும் பையனும். பச்சையைப் பெரியவர் சேர்த்துக் காட்டினார். ஐந்து மாதிரி ஊற்றிக் காயவைத்து, ஐந்தையும் வண்டியில் எடுத்துப்போய் வளவிலேயே வைத்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐந்தின் பின்பக்கத்திலும் டப்பா அளவு, ஆக்சைடு பாக்கெட்டின் நம்பர், தேதி எல்லாம் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. மாதிரிக் கல் அடுக்கு இப்படித்தான் தொடங்கியது. நோட்டில் எழுதிவைத்த அளவு ஒருமுறைகூடப் பயன்படவில்லை, ஏனென்றால் மணலும் பாக்கெட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. காய்ந்த கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சேர்க்க முடிகிறது. இப்போது அடுக்கில் 70க்கு மேல் கல் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெரியவரின் கண்ணை இரண்டு வருடம் முன்பே பார்த்திருக்க வேண்டும். அடுத்தவர் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் பெரியவரின் சோறு போய்விடும் என்பதுதான். கூலி அமைப்பு அப்படி இருக்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள். 55 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை கண் பரிசோதனை என்று இப்போது வைத்திருக்கிறோம்.

முதல் நாலு பேரை இழந்தது என் பிழை. ஐ.டி.ஐ. வரிசை அங்கே சரி. அங்கே இருநூறு பேர் இருக்கிறார்கள், பரீட்சை இருக்கிறது, முடிவில் சான்றிதழ் இருக்கிறது. இங்கே ஒரு மாதம் கண்ணாடி துடைக்கச் சொன்னால் அது பயிற்சி ஆகாது, வெறும் கண்ணாடி துடைப்புதான். அந்தப் பாலிடெக்னிக் பையனை நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை.

வெளியில் ஆள் தேடும்முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தொட்டியில் இருந்தவர் ஒருநாளும் ஒளித்துச் செய்யவில்லை, கேட்காததால் சொல்லவில்லை.

மாதம் 5,000 ரூபாய் ஏற்பாடு முதலாளியின் நாணயத்தை நம்பி நிற்கிறது. அவருக்கு ஏதாவது ஆனாலோ, ஆர்டர் படுத்தாலோ என்ன என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஜோடிக்கல் வருமானத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் போடவில்லை.

இன்றைய நிலை

பெரியவர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். அந்த நாள்களில் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

அடுத்தவருக்கு இப்போது 59. கண் நன்றாக இருக்கிறது, முழங்கால்தான் சரியில்லை. இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரையும் நாள் கூலிக்கு மாற்றலாம், பெரியவருக்கு எழுதியது போலவே எழுதலாம் என்று முதலாளி இரண்டுமுறை கேட்டுவிட்டார். அவர் பிடிகொடுக்கவில்லை. கல் கணக்கிலேயே இருக்கிறார். மாதம் பிறந்து பெரியவருக்கு அந்த 5,000 கைக்கு வந்ததும், தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் கரியால் ஒரு கோடு போடுகிறார். போன வாரம் நான் போனபோது எண்ணிப் பார்த்தேன், எட்டுக் கோடு இருந்தது.

"எத்தனை ஆனா சரின்னு சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"பார்ப்போம் சார்" என்று கரண்டியைத் தூக்கிக் கூழ் இறங்குவதைப் பார்த்தார்.